இடருற்ற நகரங்களும் அரசினர் பொருளுதவியும்

பெருமழை பெய்து ஓய்ந்தபின் ஒரு நகரத்தில் மூவகை இழப்புகள் காணப்படும். முதலாவது குடிகளின் இழப்பு. நனைந்த அரிசியும் பழுதான தட்டுமுட்டுச் சாமான்களும் அதனைச் சாரும். இரண்டாவது தொழில் நடத்துவோரின் இழப்பு. மூன்றாவது, தனியொருவர்க்கும் உரியதாகாமல் எல்லார்க்கும் பொதுவாயுள்ள பொருள்களின் இழப்பு. பெயர்ந்த சாலை, இடிந்த கால்வாய்க்கரை, நின்றுபோன நீரிறைக்கும் பொறி, அணைந்த தெருவிளக்கு ஆகியவை இதன்பாற்படும். முன்னைய இரண்டையும் பற்றிப் பேசுவார் பலர். மூன்றாவதைப் பற்றிப் பேசுவார் சிலரே. அதனை மீட்கும் பொறுப்பு நகராட்சி முதலிய ஸ்தல ஸ்தாபனங்களைச் சார்ந்தது. அவற்றிற்கு வேண்டும் பொருள் எங்கிருந்து, எவ்வழியாக வருகின்றது என்பதை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

சென்னைக்கு மேற்கேயுள்ள ஊர்கள் ஏரிகளாற் சூழப்பெற்றவை. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் அதன் மிகைநீர் கொரட்டூர் ஏரியை அடையும். ஆவடியைச் சுற்றியும் ஏரிகள் உள. திருவேற்காட்டின் வழியே கூவம் ஓடுகின்றது. பூவிருந்தவல்லிக்கு அணித்தே செம்பரம்பாக்கம் ஏரி விரிந்து கிடக்கின்றது. 2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் மிக்ஜாம் புயலால் பெருமழை பொழிந்தபோது, 1964-இல் நிறுவப்பெற்ற அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் நீர் புகுந்து நாட்கணக்கில் வடியாது நின்றது. அடுத்தடுத்துள்ள இவ்வூர்களின் தெருக்கள் ஓர் ஆட்சிக்கு உட்பட்டவையல்ல. அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்துவிட்டது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சியாயிற்று. புயல் வீசிய காலத்தில் பூவிருந்தவல்லியும் திருவேற்காடும் நகராட்சிகளாக இருந்தன. வெள்ளம் எல்லைக்கல்லை அறியாது. கணக்குப் புத்தகமோ எல்லைக்கல்லைக் கடவாது.

இனி, சட்டம் கூறுவதைக் காண்போம். 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் தன் 41-ஆம் பிரிவில் ஸ்தல ஸ்தாபனங்களின் கடமைகளை வகுத்துரைக்கின்றது. அலுவலரைப் பயிற்றுதலும், கருவிகளைப் பழுதின்றி வைத்திருத்தலும், இடர் நேர்ந்த இடத்தில் துயர் துடைத்து மறுவாழ்வும் புனரமைப்பும் செய்தலும் அவற்றுட் சில. ஆனால் அச்சட்டத்தின்படி ஏற்படும் நிதிகளோ நாட்டளவிலும், மாநில அளவிலும், மாவட்ட அளவிலும் அமைவனவேயன்றி நகராட்சிதோறும் அமைவனவல்ல. கடமை ஊரில் உளது. பண்டாரமோ தொலைவில் உளது. நாம் ஆராயும் பொருளின் உயிர்நிலை இதுவேயாம்.

அப்பண்டாரத்தின் அமைப்பை ஓர் எளிய கணக்கால் விளக்குவாம். 2021-22 முதல் 2025-26 வரையிலான ஐந்தாண்டுகளுக்குப் பதினைந்தாம் நிதிக்குழு வகுத்த முறைப்படி, மாநிலத்தின் இடர் நிதி 100 ரூபாய் என்று கொள்வோம். தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் அதற்கு மத்திய அரசு 75 ரூபாயும் மாநில அரசு 25 ரூபாயும் இடும். அந்நூறில் 40 ரூபாய் உடனடித் துயர் துடைப்பிற்கும், 30 ரூபாய் மீட்சிக்கும் புனரமைப்பிற்கும், 10 ரூபாய் முன்னேற்பாட்டிற்கும் பயிற்சிக்கும் உரியவை. எஞ்சிய 20 ரூபாய் வருமுன் காக்கும் தணிப்பு வேலைகட்கு ஒதுக்கப்பெற்றது. இந்நிதி போதாவிடின், மாநிலத்தார் தேசிய நிதியை நாடுவர். அப்போது மத்திய அரசின் பல துறையினர் அடங்கிய குழு நேரில் வந்து பார்வையிடும். அதன் அறிக்கை படிப்படியாய் ஆராயப்பெற்ற பின்னரே உதவித்தொகை முடிவாகும்.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். இழந்தது முழுவதும் இவ்வழியே திரும்பக் கிடைக்குமா? கிடையாது என்பதே விடை. இந்நிதி துயர் துடைக்கும் உதவியேயன்றி இழப்பீடு அன்று என்பது அதன் அடிப்படை விதி. இன்ன இனத்திற்கு இவ்வளவே என அளவு வகுக்கப்பெற்றுள்ளது. சாலை, குடிநீர், பள்ளிக்கட்டடம் ஆகியவற்றிற்கு உடனடிச் சீரமைப்புச் செலவே கணக்கில் ஏறும். மிக்ஜாம் புயலின் பொருட்டுத் தமிழ்நாடு அரசு 19,692 கோடி ரூபாய்க்கு மேல் வேண்டியது. 2024 ஏப்ரலில் தேசிய நிதியினின்றும் இசைவளிக்கப்பெற்ற தொகை 285.54 கோடி, மாநில நிதியிலிருந்த இருப்பில் ஒரு பகுதியைக் கழித்தபின் விடுவிக்கப்பெற்றது 115.49 கோடி. இதற்கு முன்னரே, 2023-24-ஆம் ஆண்டின் மாநில இடர் நிதிக்கு மத்திய அரசு தன் பங்காக 900 கோடியை இரு தவணைகளில் அளித்திருந்தது. வேண்டியதற்கும் கிடைத்ததற்கும் உள்ள இவ்வேறுபாடு பற்றி மாநில அரசு உச்ச நீதிமன்றத்தையும் அணுகியது. வழக்கின் நியாயத்தை ஆராய்வது நம் நோக்கமன்று. விதியின் அளவும் இழப்பின் அளவும் வேறுவேறு என்பதை மாணவர் உணர்ந்தாற் போதும்.

குடிகளுக்குக் கொடுத்த உதவியோ கண்ணுக்குத் தெரிந்தது. சென்னையிலும் அதனை அடுத்த மாவட்டங்களின் பல வட்டங்களிலும் குடும்பத்திற்கு 6,000 ரூபாய் நியாயவிலைக் கடைகளின் வாயிலாய் வழங்கப்பெற்றது. அது செய்யத்தக்கதே. எனினும் அத்தொகை பெற்ற குடும்பம் உடைந்த கால்வாயைக் கட்ட இயலுமா? நீரை இறைக்க வாடகைக்கு எடுத்த பொறிகளும், அவற்றிற்கு ஊற்றிய டீசலும், மலையெனக் குவிந்த குப்பையை அகற்றிய தொழிலாளரின் கூலியும், உதவித்தொகை வருமுன்னரே செலவாகிவிடுவன. காத்திருந்து செய்யத்தக்கன அல்ல அவை.

இவ்விடர்ப்பாடு நமக்கு மட்டும் உரியதன்று. நம் நாட்டு விதியில் வெள்ளம், புயல் முதலியவற்றோடு தீயும் ஓர் இடராக எண்ணப்பெற்றுள்ளது. காட்டுத்தீயாற் பெரிதும் வருந்தும் நாடு ஆஸ்திரேலியா. அங்கு 2019-20-இல் பெருந்தீ பரவியபோது, மிகவும் தாக்குண்ட 42 ஸ்தல ஸ்தாபனங்கட்குத் தலைக்குப் பத்து லட்சம் டாலர் முதற்றொகையாய் அளிக்கப்படும் என்று அந்நாட்டு மத்திய அரசு 2020 ஜனவரியில் அறிவித்தது. அமெரிக்க ஐக்கிய நாட்டிலோ, பேரழிவாய் மாறக்கூடிய காட்டுத்தீயை அடக்கும் தகுந்த செலவில் நூற்றுக்கு 75 பங்கை மத்திய அரசு ஏற்கும் முறை உண்டு. ஆயினும் செலவைக் கணக்குக்காட்டியே அதனைப் பெறல் வேண்டும். முன்னது விரைவைத் தரும். பின்னது பொருள் வீணாகாமற் காக்கும். முதலில் ஒரு சிறு தொகையை உடனே ஈந்து, மிகுதியைக் கணக்கு நோக்கி ஈவதே இரண்டன் பயனையும் ஒருங்கே தருவதாம்.

ஆகவே நகராட்சியார் கைக்கொள்ளத்தக்க நெறிகள் மூன்று. முதலாவது, தமக்குரிய சாலை, கால்வாய், பாலம், பொறி ஒவ்வொன்றின் அளவையும் ஆண்டையும் நிலையையும் பதிவேட்டில் எழுதி வைத்தல். இருந்ததைக் காட்ட இயலாதவர் இழந்ததை எங்ஙனம் காட்டுவர்? இரண்டாவது, ஆண்டுதோறும் வருவாயில் ஒரு சிறு பகுதியை இடர்க்காலத்திற்கென ஒதுக்கிவைத்தல். மூன்றாவது, அண்டை ஊர்களோடு கூடித் தணிப்பு வேலைகளை மேற்கொள்ளுதல். 2015 டிசம்பர் 1-ஆம் நாள் செம்பரம்பாக்கத்தினின்றும் வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பெற்றபோது, அடையாற்றின் வழியே அதனால் அல்லலுற்றவை பூவிருந்தவல்லியின் தெருக்களல்ல. ஆற்றின் கீழ்ப்புறத்து ஊர்களே. இத்தகைய நீரைத் தனியொரு நகராட்சி தடுத்தல் அரிது. சென்னை வடிநிலப் பகுதியின் வெள்ளத்தடுப்பிற்கென 2023 டிசம்பரில் இசைவளிக்கப்பெற்ற 561.29 கோடி ரூபாய்த் திட்டம் இவ்வகையைச் சார்ந்தது. அதில் 500 கோடி மத்திய உதவி.

மாணவர்காள்! இதில் நமக்கென்ன வேலை என்று நீங்கள் வினவலாம். வெள்ளம் உங்கள் தெருவில் எவ்வளவு உயர்ந்தது, எத்தனை நாள் நின்றது, எவ்வழியாக வடிந்தது என்பவற்றை அளந்து எழுதுவதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஓர் அளவுகோலும் ஒரு குறிப்பேடும் போதும். தமிழ்நாட்டு நகரங்களில் வார்டுக் குழுக்களும் பகுதி சபைகளும் அமைக்க 2022-இல் விதிகள் ஏற்பட்டுள்ளன. அச்சபைகளில் உங்கள் குறிப்பை வைத்தால், அது நகராட்சியின் பதிவேட்டிற்குத் துணையாகும். பதிவேடு மாவட்டத்தின் அறிக்கைக்குத் துணையாகும். அறிக்கை பண்டாரத்தின் கதவைத் தட்டும். தொலைவிலுள்ள பொருளை ஊருக்குக் கொணரும் பாலம் உண்மையான கணக்கே. அப்பாலத்தைக் கோடையிலேயே கட்டுவோமாக. மழை வந்தபின் கட்டுதற்குப் பொழுதிராது.