ஷெர்லி சிஷோம் அம்மையார்

குடியரசு நிலவும் நாடுகளில் அவையேறும் உரிமை எல்லார்க்கும் பொது என்பர். ஆயினும், உரிமை ஏட்டில் இருப்பது வேறு; ஒருவர் அதனைக் கைக்கொண்டு பிறர்க்குப் பயன்படச் செய்வது வேறு. இவ்வேற்றுமையை அறிய விரும்புவார்க்கு அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஷெர்லி சிஷோம் அம்மையாரின் வரலாறு சிறந்ததொரு பாடமாகும். அதனை ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

அம்மையார் 1924-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் நியூயார்க் நகரத்துப் புரூக்ளின் பகுதியிற் பிறந்தார். தந்தையார் பிரிட்டிஷ் கயானாவினின்றும் தாயார் பார்படோஸ் தீவினின்றும் வந்து குடியேறியவர்கள். தந்தையார் தொழிற்சாலையில் உழைத்தார். தாயார் தையல் வேலையோடு பிறர் இல்லங்களில் வீட்டு வேலையும் செய்து பொருளீட்டினார். இளமையிற் சில ஆண்டுகள் அம்மையார் பார்படோஸில் பாட்டியாரிடம் வளர்ந்து, அங்கு ஓரறைப் பள்ளியொன்றிற் கல்வி பயின்றார்.

பின்னர்ப் புரூக்ளின் கல்லூரியிற் சேர்ந்து சொற்போரில் வல்லவரென்று பெயர் பெற்று, 1946-இல் பட்டம் எய்தினார். அங்குப் பேராசிரியர் ஒருவர் அரசியலிற் புகுமாறு தூண்டியபொழுது, தாம் கறுப்பினத்தவர் என்பதையும் பெண் என்பதையும் அவர் மறந்துவிட்டதாக விடையிறுத்தனராம். அவ்விரு தடைகளுள்ளும் பெண்மையே பெரிய தடையாயிருந்தது என்பது அம்மையார் பிற்காலத்திற் பன்முறை கூறிய கருத்து.

குழந்தைப் பள்ளிகளிற் பணியாற்றிய அம்மையார், 1964-இல் நியூயார்க் மாநிலச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1968-இல் நாட்டின் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வு பெற்றார். அந்நாட்டுக் காங்கிரஸில் இடம்பெற்ற முதற் கறுப்பினப் பெண்மணி இவரே. விலைக்கு வாங்கப்படாதவர், எவர் ஏவலுக்கும் உட்படாதவர் என்பது அவர் தேர்தலில் முன்வைத்த சொல்.

அச்சொல்லுக்குச் சோதனை விரைவில் வந்தது. நகர மக்களின் பிரதிநிதியாகிய அவரை விவசாயக் குழுவில் அமர்த்திக் காடுகளைப் பற்றிய பணியையும் தலைவர்கள் அளித்தனர். புதிய உறுப்பினர் வாய்திறவாது ஏற்றல் அங்கு வழக்கம். அம்மையாரோ எழுந்து மறுத்தார். முன்னாட் படைவீரர் நலக்குழுவிற்கு மாற்றப் பெற்றார். தம் தொகுதியில் மரங்களைவிடப் படைவீரரே மிகுதி என்று நகையாடவும் செய்தார்.

1972-இல் குடியரசுத் தலைவர் பதவிக்கு டெமாக்ரடிக் கட்சியின் வேட்பாளராக முயன்றார். பெருங்கட்சியொன்றில் இவ்வாறு முயன்ற முதற் கறுப்பினப் பெண்மணி இவர். பொருளுதவி அருகியிருந்தும் கட்சி மாநாட்டில் 152 வாக்குகள் பெற்றார், வெற்றி பெற்றிலர்.

அப்போட்டியின் நடுவே நிகழ்ந்த ஒன்று நாம் ஊன்றி நோக்கத்தக்கது. அவரோடு போட்டியிட்டவருள் ஒருவர் அலபாமா மாநில ஆளுநர் ஜார்ஜ் வாலஸ். 1963-இல் கறுப்பின மாணாக்கர் இருவர் அலபாமா சர்வகலாசாலையுட் புகாவண்ணம் வாயிலில் நின்று தடுக்க முற்பட்டவர் அவர். 1972 மே 15-ஆம் நாள் அவர் சுடப்பட்டுக் கால்கள் செயலற்றுக் கிடந்தபொழுது, அம்மையார் மருத்துவமனைக்குச் சென்று கண்டார். இத்துன்பம் எவர்க்கும் நேர்தல் வேண்டாமென்று அவர் கூற, வாலஸ் கண்ணீர் விட்டார். அம்மையாரின் ஆதரவாளர் பலர் இதனைக் கண்டு சினந்தனர்.

குறைந்த அளவுக் கூலியை வரையறுக்கும் சட்டம் 1938-லேயே இயற்றப்பட்டிருப்பினும், வீட்டு வேலை செய்வார் அதன் புறத்தே விடப்பட்டிருந்தனர். 1974-இல் அவர்களையும் அதனுட் சேர்க்க அம்மையார் பாடுபட்டபொழுது, தென்மாநில உறுப்பினரின் வாக்குகளைத் திரட்டித் தந்து துணைபுரிந்தவர் அவ்வாலஸே. சட்டம் நிறைவேறியது. வீட்டு வேலை செய்த தாயின் மகள் அவையேறியதன் பயன் அவ்வேலை செய்வார் அனைவர்க்கும் கிடைத்தது.

ஏழு முறை தேர்வு பெற்று 1983 சனவரி வரை சபையிலிருந்த அம்மையார், பின்னர்க் கல்லூரி ஆசிரியராய் விளங்கி, 2005 சனவரி 1-ஆம் நாள் மறைந்தார். 2015-இல் குடியரசுத் தலைவரின் சுதந்தரப் பதக்கம் அவர்க்கு வழங்கப்பட்டது. சென்னையிற் பிறந்த தாயாரின் மகளாகிய கமலா ஹாரிஸ், 2019-இல் தலைவர் பதவியை நாடியபொழுது, தம் தேர்தற் சின்னத்தை இவ்வம்மையாரை நினைவூட்டும் வண்ணம் அமைத்தார்.

தம் கட்சித் தலைவர்முன் வணங்காமையும், எதிரியின் படுக்கையருகே இரங்கி நிற்றலும் முரண்பட்ட குணங்கள் போலத் தோன்றும். ஆராயின் இரண்டும் ஒன்றே. தம்மை அனுப்பிய எளியாரை மறவாதவர் அச்சத்திற்கும் அடிமையாகார், பகைமைக்கும் அடிமையாகார். நாளை அவையிலும் அலுவலிலும் அமரவிருக்கும் மாணாக்கர் இவ்வுண்மையை உள்ளத்திற் கொள்வாராக.