எது எதற்கு வழிவிடும்?

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய சிறுகதைத் தொகுப்பின் அட்டை வந்தது. வடிவமைப்பின் அடிப்படை விதிகளை எந்தப் புத்தகத்தில் படிப்பது என்றும் கேட்டிருக்கிறாய். சமநிலை, முரண், ஒழுங்கு, தாளம், அழுத்தம் என்று நீயே ஒரு பட்டியலும் போட்டிருக்கிறாய். பட்டியல் சரிதான். மனப்பாடம் செய்தால் தேர்வில் மதிப்பெண் வரும், அட்டை வராது.

உன் அட்டையில் ஓர் ஆலமரம், தலைப்பு, ஆசிரியர் பெயர், பதிப்பகத்தின் லோகோ, அணிந்துரை எழுதியவர் பெயர், 'பரிசு பெற்ற தொகுப்பு' என்ற தங்க முத்திரை. ஆறும் ஒரே நேரத்தில் கூப்பிடுகின்றன. எது எதற்கு வழிவிட வேண்டும் என்று நீ முடிவெடுக்கவில்லை. என்னைக் கேட்டால் கம்போசிஷன் என்பதே அந்த முடிவுதான். உன் பட்டியலில் உள்ளவை எல்லாம் அதை நிறைவேற்றும் வழிகள்.

பேருந்து நிறுத்தச் சுவரில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைக் கவனித்திருக்கிறாயா? நடுவில் முகம், மேலே அந்த இரண்டு சொற்கள், கீழே பெயர், பிறகு தேதி, கடைசியில் பொடி எழுத்தில் குடும்பத்தார். ஓடும் பேருந்திலிருந்து பார்த்தாலும் போனது யார் என்று தெரிந்துவிடும். அதை யாரும் கலை என்று சொல்வதில்லை. ஆனால் வரிசை பிசகுவதே இல்லை. பக்கத்திலேயே ஒரு கட்சி ஃப்ளெக்ஸ் இருக்கும். நாற்பது முகங்கள், பதவிக்கு ஏற்ற அளவில். யார் யாருக்கு மேலே என்று கட்சிக்காரர்களுக்குப் புரியும். கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு என்பது வழிப்போக்கனுக்குப் புரியாது.

புத்தகம் படிப்பதற்கு முன்னால் மாமல்லபுரம் போய் அர்ச்சுனன் தபசு சிற்பத்தின் எதிரே ஒரு மணி நேரம் உட்கார். (பகீரதன் தவம் என்பவர்களும் உண்டு. அந்த வழக்கு நமக்கு வேண்டாம்.) ஏழாம் நூற்றாண்டு வேலை, ஏறத்தாழ 30 மீட்டர் அகலப் பாறை. உன் அட்டையில் ஆறு பொருள்கள். அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள். ஆனாலும் கண் தடுமாறுவதில்லை. பாறையில் இயற்கையாகவே ஒரு பிளவு இருந்தது. அதைக் குறையாக நினைத்து வேறு பாறை தேடியிருக்கலாம். பல்லவச் சிற்பிகள் அதையே ஆறாக்கி, நாகர்களை அதில் நீந்தவிட்டார்கள். மேலே நீர்த்தொட்டி இருந்த தடயமும் உண்டு. இருபுறமும் தேவர்கள், வேடர்கள், விலங்குகள் என எல்லாக் கூட்டமும் அந்தப் பிளவை நோக்கியே வருகிறது. நீ எந்த ஓரத்தில் பார்க்கத் தொடங்கினாலும் அவர்கள் உன்னை அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

அடுத்து யானைகளைப் பார். வலப்பக்கம், கீழே, கிட்டத்தட்ட உயிர் யானையின் அளவில். பாறையிலேயே கனமான உருவங்கள் அவைதான். இடப்பக்கம் அவற்றுக்கு ஈடாக இன்னொரு யானை இல்லை. எலும்பு தெரிய ஒற்றைக் காலில் நிற்கும் தவசியும், பக்கத்தில் நான்கு கைகளோடு சிவனும், ஒரு சிறு கோயிலும்தான். ஆனாலும் பாறை வலப்பக்கம் சாய்ந்ததாகத் தோன்றாது. கதை இடப்பக்கம் நடக்கிறது. உடம்பின் எடைக்குக் கவனத்தின் எடை ஈடு கொடுத்துவிடுகிறது. நீயோ சமநிலை வேண்டும் என்று இடது மூலையில் ஒரு கிளை, வலது மூலையில் ஒரு கிளை வரைந்திருக்கிறாய்.

யானைக்கு அருகே ஒரு பூனை இருக்கும். தவசியைப் போலவே கைகளைத் தூக்கி நிற்கிறது, சுற்றிலும் எலிகள். மேலே கண்ட வடிவம் கீழே சிறியதாகத் திரும்பி வந்து பாறையின் இரு பக்கங்களையும் கோக்கிறது, சிரிக்கவும் வைக்கிறது. நீ தூவியிருக்கும் ஆலிலைகளும் திரும்பத் திரும்பத்தான் வருகின்றன, ஒன்றும் சொல்லாமல்.

கைபேசிக் கேமராவில் வரும் அந்தக் கட்டங்களைப் பற்றியும் கேட்டிருந்தாய். முக்கியமானதை நடுவில் வைக்காமல் அந்தக் கோடுகளில் வை என்பதுதான் அவை சொல்லும் மூன்றில் ஒரு பங்கு விதி. அதற்கு அந்தப் பெயரை வைத்தவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர். 1797-இல் நாட்டுப்புற நிலக்காட்சி பற்றிய தன் நூலில் எழுதினார். பயனுள்ள பழக்கம், அவ்வளவே. மாமல்லபுரத்தின் பிளவு ஏறக்குறைய நடுவில்தான் ஓடுகிறது.

முக்கியமானதைப் பெரிதாக்கியே தீர வேண்டும் என்பதும் இல்லை. ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் பேரலை, 1831 வாக்கில் வந்த அச்சுப்படம், ஃபூஜி மலையின் முப்பத்தாறு காட்சிகள் என்ற தொடரைச் சேர்ந்தது. அதில் மலை அலைக்கு அப்பால் விரல்நகம் அளவுதான். அலையின் வளைவு திறந்துவிட்ட வெற்றிடம் கண்ணை அங்கே அனுப்புகிறது. வெற்றிடத்தைக் கண்டால் பதிப்பாளர்களுக்குக் கை அரிக்கும். "சார், இங்கே இடம் சும்மா கிடக்கே" என்பார்கள். அந்த இடம் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பொறுமையாகச் சொல்லப் பழகு.

இனி எழுத்து. உன் தலைப்பை ஆங்கில அட்டைகளைப் பார்த்து அமைத்திருக்கிறாய் என்று தெரிகிறது. ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் போட்டு, இடைவெளியை இழுத்துவிட்டால் ஒரே உயரத்தில் சீரான பட்டை கிடைக்கும். தமிழில் அந்த வசதி கிடையாது. லீயும் மீயும் தலைக்கு மேலே சுழிக்கும், புவும் யுவும் கீழே இறங்கும். உன் முதல் வரியின் கால் இரண்டாம் வரியின் தலையில் இடிப்பது அதனால்தான், வரியிடைவெளியைக் கூட்டு. எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியை இழுத்தால் கொம்பு தன் எழுத்தை விட்டு விலகி, முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொண்டதுபோல் தெரியும். படிப்பவர் தடுக்கி விழுவார். தமிழில் அழுத்தம் வேண்டுமென்றால் அளவையும் தடிமனையும் மாற்று, சுற்றி இடம் விடு. புள்ளி வைத்த எழுத்தில் ஒரு வரி தொடங்கக் கூடாது என்பது பழைய அச்சுக்கோப்பவர்களுக்குக் கைப்பழக்கம். மென்பொருளுக்கு அது தெரியாமல் போகலாம், உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான்கு ஃபான்ட் எதற்கு? ஒன்று போதும். மனம் கேட்கவில்லை என்றால் இரண்டு.

இந்த அட்டைக்கு என் யோசனை: மரத்தை அப்படியே வைத்துக்கொள், ஆனால் முழு மரம் வேண்டாம். விழுதுகள் மட்டும் மேலிருந்து இறங்கட்டும், பக்கத்தின் பாதிக்கு. தலைப்பு விழுதுகள் முடியும் இடத்துக்குக் கீழே, இடது ஓரத்தில். ஆசிரியர் பெயரும் அதே ஓரக்கோட்டில். லோகோ, அணிந்துரைக்காரர், தங்க முத்திரை மூன்றும் பின்னட்டைக்கு. முத்திரைக்குப் பதிப்பாளர் சண்டை போடுவார். முன்னட்டையில்தான் வேண்டும் என்றால் தங்கத்தை விட்டுவிட்டு, ஆசிரியர் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரியாகப் போட்டுத் தருவதாகப் பேசிப் பார்.

வண்ணத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் கறுப்பில் மட்டும் செய்து, தபால்தலை அளவுக்குச் சுருக்கி, கண்ணை இடுக்கிக்கொண்டு பார். தலைப்பு கண்ணில் பட்டால் எனக்கு அனுப்பு. பெரிய அளவில் ஒன்று, சுருக்கியது ஒன்று, இரண்டையும் தாளில் பிரின்ட் எடுத்து அனுப்பு. திரையில் பார்த்து என்னால் சொல்ல முடியாது.

அன்புடன்,
அண்ணன்