பூனைச் சளிக்காய்ச்சல்

நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று ஜொகூர் மாநிலத்திற்குக் கனமழையைக் கொண்டு வருகிறது. அக்காலத்தில் நனைந்த பூனைக்குட்டிகள் வீட்டு வாசல்களில் ஒதுங்குவதுண்டு. இரக்கத்தோடு அவற்றை எடுத்து வளர்ப்போர் பலர். அக்குட்டி தும்மினாலோ கண்ணும் மூக்கும் ஒழுகினாலோ அதை வெறும் சளி என ஒதுக்கிவிடக் கூடாது. மற்ற பூனைகளுக்கும் தொற்றும் பூனைச் சளிக்காய்ச்சலாக அது இருக்கலாம்.

இந்நோய்க்குப் பெரும்பாலும் ஹெர்பிஸ், கலிசி ஆகிய இரு நச்சுயிரிகளே காரணம். தும்மல் துளிகள், உமிழ்நீர், உணவுத் தட்டு ஆகியவற்றின் வழியாக இவை பரவுகின்றன. பூனையின் உடலுக்கு வெளியே ஹெர்பிஸ் நச்சுயிரி ஏறக்குறைய ஒரு நாளில் அழிந்துவிடும். கலிசியோ ஒரு வாரத்திற்கும் மேலாக நிலைத்திருக்கும். இவை மனிதருக்கு நோயை உண்டாக்குவதில்லை. எனினும், மனிதரின் கைகளும் ஆடைகளும் இவற்றைச் சுமந்து செல்லும்.

ஆகவே, நோயுற்ற பூனையைத் தனியறையில் வைத்து, உணவுத் தட்டையும் மணல் தொட்டியையும் தனியாக ஒதுக்க வேண்டும். நலமான பூனைகளை முதலிலும் நோயுற்றதை இறுதியிலும் கவனித்து, பின்னர் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும்.

பூனை மணத்தை நம்பியே உண்ணும் விலங்கு. மூக்கடைப்பால் மணம் தெரியாதபோது அது உணவைத் தொடாது. வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சினால் கண்ணையும் மூக்கையும் துடைத்து, சற்றே சூடாக்கிய உணவைக் கொடுத்தால் பசி தூண்டப்படும். ஒரு நாள் முழுவதும் உண்ணாவிட்டால் கால்நடை மருத்துவரை நாட வேண்டும். பட்டினி நீடித்தால் கல்லீரல் பாதிப்புறும். மனிதர் உட்கொள்ளும் பாராசிட்டமோலை ஒருபோதும் கொடுக்கக் கூடாது. ஒரே மாத்திரைகூட பூனையின் உயிரைப் பறித்துவிடலாம்.

குணமடைந்த பின்னரும் ஹெர்பிஸ் நச்சுயிரி பூனையின் உடலில் மறைந்திருக்கும். இடமாற்றம் போன்ற மனவழுத்தத்தின்போது மீண்டும் தலைதூக்கும். குட்டிக்கு 6 முதல் 8 வார வயதில் தடுப்பூசி தொடங்கி, 16 வாரம் வரை 3 அல்லது 4 வாரங்களுக்கு ஒருமுறை போட வேண்டும். தடுப்பூசி தொற்றை முற்றாகத் தடுக்காவிடினும் நோயின் கடுமையைக் குறைக்கும்.

வளர்ப்பு விலங்கை நோயிலிருந்தும் வலியிலிருந்தும் காப்பது உரிமையாளரின் கடமை என மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் வலியுறுத்துகிறது. வாயில்லா உயிருக்கு அடைக்கலம் தருவது இரக்கம். அதன் நோயறிந்து பேணுவது பொறுப்பு.