பழைய காருக்குப் புது வர்ணம்: நிறம் பொருத்தும் முறை

(மூன்றாமாண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு)



என்ஜினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவனைத்தான் நாம் கெட்டிக்காரன் என்கிறோம். பெயிண்ட் அடிப்பதைப் பெரிய வித்தையாக யாரும் நினைப்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு அம்பாசடர் காரின் டோர் என் நினைப்பை மாற்றிவிட்டது. நான் பட்ட பாட்டையும் அதில் கற்ற பாடத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

நடந்தது என்ன?

என் அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான் முதல் ஆள். ஃபீஸ் கட்டுவதற்காக லீவு நாட்களில் ஒரு பெயிண்டிங் பட்டறைக்கு வேலைக்குப் போகிறேன்.

அங்கே ஒரு அம்பாசடர் மார்க் 2 வந்தது. 1972ஆம் வருட வண்டி, க்ரீம் கலர். அம்பாசடர் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை ஒட்டி, மேற்கு வங்காளத்தில் உள்ள உத்தரபாராவில் 1950களின் கடைசி முதல் 2014 வரை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த வண்டி அது. இந்தக் காரின் சொந்தக்காரர் ஒரு ரிட்டயர்டு வாத்தியார். பேத்தி கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டிதான் போகவேண்டும் என்று சொல்லியிருந்தார்.

இடது பக்க முன் டோர் மட்டும் நசுங்கியிருந்தது. டிங்கரிங் முடிந்து, பட்டி பார்த்து, பிரைமரும் அடித்தாகிவிட்டது. அன்று மாஸ்டருக்கு வெளியூர் போகவேண்டிய வேலை. "நீ படிச்ச பையன். கலரைப் பார்த்து நீயே அடிச்சிரு தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை!

வெள்ளையில் எலுமிச்சை மஞ்சளைக் கலந்தேன். நிறம் பளிச்சென்று இருந்ததால் கறுப்பில் இரண்டு சொட்டு விட்டேன். ராத்திரி ஏழு மணிக்கு டியூப்லைட்டில் வைத்துப் பார்த்தேன். அச்சு அசலாக இருந்தது. அடித்து முடித்தேன். காலையில் வண்டியை வெளியே தள்ளி வெயிலில் நிறுத்தினால், டோர் பச்சை ஓடுகிறது! மாஸ்டர் வந்து பார்த்தார். திட்டவில்லை. "வேற வண்டி டோரைக் கழட்டி மாட்டின மாதிரி இருக்குடா" என்றார். அவ்வளவுதான். பெயிண்ட், தின்னர், இரண்டு நாள் உழைப்பு எல்லாம் வீண். என் கூலியில் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். பாதியைத்தான் பிடித்தார். ஆனாலும் ஃபீஸுக்குச் சேர்த்ததில் ஓட்டை விழுந்தது.

வெளிச்சம் சொல்லும் பொய்

அன்று ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரித்தார். "ஜாக்கெட்டுக்கு நூல் வாங்கப் போனா நான் கடைக்குள்ள வச்சுப் பார்க்க மாட்டேன் கண்ணு. துணியையும் நூல்கண்டையும் வாசலுக்குக் கொண்டாந்துதான் பார்ப்பேன். கடை லைட்டு பொய் சொல்லும்" என்றார். அம்மா படித்தது ஐந்தாம் வகுப்பு.

மறுநாள் நூலகத்தில் தேடினேன். அம்மா சொன்னதற்குப் புத்தகத்தில் 'மெட்டாமெரிசம்' என்று பெயர். வேறு வேறு நிறமிகளால் செய்த இரண்டு பெயிண்டுகள் ஒரு விளக்கில் ஒன்றுபோலத் தெரியும், இன்னொரு விளக்கில் வேறுபட்டுத் தெரியும். ஒவ்வொரு விளக்கிலும் சிவப்பு, பச்சை, நீலக் கதிர்கள் வெவ்வேறு அளவில் இருப்பதே காரணம். பகல் வெளிச்சத்துக்கு அளவுகோலாக 6500 கெல்வின் வெளிச்சத்தை வைத்திருக்கிறார்கள். பழைய குண்டு பல்பு ஏறத்தாழ 2850 கெல்வின்தான். அதனால்தான் அதன் கீழே எல்லாமே மஞ்சளாகத் தெரிகிறது.

ஆகவே முதல் விதி: பகலில், வெட்டவெளி நிழலில் நின்று நிறம் பாருங்கள். நேர் வெயில் கண்ணைக் கூசும். நீலத் தார்ப்பாய்க்கு அடியிலோ வர்ணம் அடித்த சுவரை ஒட்டியோ பார்த்தால் அந்த நிறமும் வண்டிமேல் விழும். ஒரே இடத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் பழகிவிடும். சில விநாடி பாருங்கள், பிறகு சாம்பல் நிறத் தரையைப் பாருங்கள், மறுபடியும் பாருங்கள்.

டப்பாவில் உள்ள நிறமும் வண்டியில் உள்ள நிறமும்

கம்பெனி நிறத்தின் பெயரைச் சொல்லி டப்பா வாங்கினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் நிறமியை வெளுக்கவைக்கும், மேல்பூச்சையும் அரிக்கும். பழைய பெயிண்டைத் தேய்த்தால் கையில் சுண்ணாம்பு மாதிரி ஒட்டுவது அதனால்தான். டோர் இடுக்கிலும் டிக்கி மூடியின் உள்பக்கமும் பாருங்கள், வெயில் படாத நிறம் அங்கே இருக்கும். ஆனால் நாம் பொருத்தவேண்டியது வெயில் பட்ட பக்கத்துப் பாகத்தோடு! அதனால் முதலில் அந்தப் பாகத்தைக் கழுவி, ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்க்கவேண்டும். அழுக்கின் நிறத்துக்குப் பெயிண்ட் கலக்கிவிட்டு, பிறகு பாலிஷ் போட்டால் மறுபடியும் வித்தியாசம் தெரியும்.

பழைய பெயிண்ட் எந்த வகை என்பதையும் பார்க்கவேண்டும். மறைவான இடத்தில் தின்னர் நனைத்த துணியால் தேய்த்தால், நம் பட்டறைகளில் டூகோ என்று சொல்லும் நைட்ரோ செல்லுலோஸ் பெயிண்ட் கரைந்து துணியில் ஒட்டும். ஹார்ட்னர் கலந்து அடித்த பெயிண்ட் அப்படிக் கரையாது. சிந்தெடிக் எனாமல் மேல் டூகோ அடித்தால், அதன் தின்னர் பழைய பூச்சைச் சுருங்கவைத்துத் தூக்கிவிடும்.

கலக்கும் முறை

அமெரிக்க ஓவிய ஆசிரியர் மன்செல், 1905இல் வெளியிட்ட தம் நூலில் நிறத்துக்கு மூன்று குணங்களைச் சொன்னார். எந்த நிறம், எவ்வளவு வெளிர் அல்லது அடர், எவ்வளவு பளிச் அல்லது மங்கல். 'கலர் சேரலை' என்று பொதுவாகச் சொல்லாமல் இந்த மூன்றில் எது சேரவில்லை என்று கேட்டுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

என் தவறு இப்போது புரிந்தது. மஞ்சளில் கறுப்பு சேர்ந்தால் பச்சை ஓடும். மாஸ்டர் எலுமிச்சை மஞ்சளையும் கறுப்பையும் தொடவே இல்லை. வெள்ளையில் மஞ்சள் ஆக்சைடு, குச்சி நுனியில் துளி ரெட் ஆக்சைடு, அவ்வளவுதான். பழைய பெயிண்டில் இருந்திருக்கக்கூடிய அதே வகை நிறமிகளைப் போட்டால் எல்லா வெளிச்சத்திலும் ஒத்துப்போக வாய்ப்பு அதிகம்.

கவனிக்க வேண்டியவை:

1. மொத்த டப்பாவில் கலக்காதீர்கள். 100 கிராம் தனியாக எடுத்துச் சோதியுங்கள்.
2. ஒவ்வொரு சொட்டையும் எடை போட்டு எழுதிவையுங்கள்.
3. ஈரப் பெயிண்டை நம்பாதீர்கள். ஒரே நிறப் பெயிண்டுகள் பெரும்பாலும் காய்ந்தபின் கொஞ்சம் அடர்ந்துவிடும்.
4. அட்டையில் அதே பிரைமர், அதே ஸ்ப்ரே கன், அதே காற்றழுத்தம், அதே எண்ணிக்கை கோட் அடித்து, நன்றாகக் காயவிட்டு, வண்டியோடு ஒட்டவைத்துப் பாருங்கள்.
5. டோரின் நடுவில் நிறுத்தாமல் ஓரம்வரை முழுசாக அடியுங்கள். இரண்டு பாகங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி சின்ன வித்தியாசத்தை மறைத்துவிடும்.
6. மெட்டாலிக் பெயிண்ட் என்றால் நேராகவும் பக்கவாட்டிலும் பார்க்கவேண்டும். அலுமினியத் துகள் கோணத்துக்குக் கோணம் வேறுமாதிரி மின்னும்.

முடிவுரை

நான்காவது அட்டையில் நிறம் சேர்ந்தது. டோரை மறுபடியும் தேய்த்து அடித்தோம். வாத்தியார் வந்து வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, "எந்த டோருப்பா அடிச்சீங்க?" என்று கேட்டார். அதைவிடப் பெரிய சர்டிபிகேட் எனக்கு வேண்டாம்!

அன்று சாயங்காலம் மாஸ்டர் ஒரு நோட்டு வாங்கிவந்து என் கையில் கொடுத்தார். "முப்பது வருஷமா எல்லாக் கணக்கும் என் தலையிலதான் இருக்கு. எனக்கு எழுத வராது. நீ எழுதிவை" என்றார். முதல் பக்கத்தில் அந்த க்ரீம் கலர் அளவை எழுதினேன். இப்போது ஒவ்வொரு வண்டிக்கும் அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். படிச்ச பையன் என்று அவர் என்னைச் சொன்னதற்கு இதுதான் அர்த்தம் என்று இப்போது நினைக்கிறேன்.

நண்பர்களே! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். பட்டறையில் நிற்பவர்களிடமும் வீட்டில் இருப்பவர்களிடமும் கேட்டுக்கொண்டு ஏட்டைப் புரட்டினால் அதுவும் உதவும். லீவு நாளில் நீங்களும் ஒரு பட்டறைக்குப் போங்கள். ஒரு நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.