மோட்டார் சைக்கிளில் ஜி.பி.எஸ். கருவியைப் பொருத்துவது எப்படி?

நம் சங்கத்துக் குடும்பங்களில் பிள்ளைகள் வளர்ந்து விட்டார்கள். கல்லூரி முடித்த பையன்களும் வேலைக்குப் போகும் பெண்களும் நாலைந்து பேராகச் சேர்ந்து, தில்லியிலிருந்து மோட்டார் சைக்கிளிலேயே மணாலி, லே என்று கிளம்பி விடுகிறார்கள். "போகாதே" என்றால் கேட்கிற வயதில்லை. ஆகவே "போவதானால் ஒழுங்காகப் போ" என்று சொல்லிக் கொடுப்பதுதான் பெரியவர்களுக்கு அழகு. வழி காட்டும் கருவியை வண்டியில் பொருத்தும் முறையை இந்தப் பாடத்தில் பார்ப்போம். வேண்டிய சாமான்கள் எந்த மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடையிலும் கிடைப்பவைதான். வேண்டிய நேரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை.

கருவி என்ன செய்கிறது?

ஜி.பி.எஸ். என்பது அமெரிக்க அரசின் செயற்கைக்கோள் அமைப்பு. சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் கோள்கள் நேரக் குறிப்புடன் வானொலி அலைகளை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. நம் கையிலுள்ள கருவி குறைந்தது நான்கு கோள்களின் அலைகளை வாங்கி, ஒவ்வொன்றும் வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு தான் இருக்கும் இடத்தைக் கணக்கிடுகிறது. 1995இல் இது முழு அளவில் இயங்கத் தொடங்கியது. பொது மக்களுக்கான அலையில் வேண்டுமென்றே புகுத்தியிருந்த பிழையை 2000ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்கா நீக்கியது. அதுவரை நூறு மீட்டர் வரை தவறிய கணக்கு, அதன் பிறகு சில மீட்டருக்குள் சரியாக வரத் தொடங்கியது. நம் நாடும் 2013 முதல் தனக்கென்று கோள்களை அனுப்பி 'நாவிக்' என்ற அமைப்பை ஏற்படுத்தியுள்ளது.

ஒன்றை நினைவில் வையுங்கள். கருவி வானத்தைப் பார்க்க வேண்டும். மணாலியைத் தாண்டி 9.02 கி.மீ. நீளமுள்ள அடல் சுரங்கப் பாதைக்குள் நுழைந்ததும் அது இடத்தைத் தவற விடும். அது கருவியின் கோளாறு அல்ல. வெளியே வந்ததும் தானே சரியாகி விடும்.

கைபேசி போதாதா?

ஊருக்குள் போதும். நெடும்பயணத்துக்குப் போதாது. வெயிலில் அதன் திரை மங்கும், சூடேறினால் அணைந்து விடும், கையுறையோடு தொட்டால் பல சமயம் கேட்காது. இவற்றை விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. புதிய கைபேசிகளின் கேமராவுக்குள் படம் ஆடாமலிருக்க லென்ஸைத் தாங்கும் நுண்ணிய அமைப்பு இருக்கிறது. சக்தி வாய்ந்த மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அதிர்வு ஹேண்டில்பார் வழியாக நேரே தாக்கினால் அந்த அமைப்பு கெடக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021 செப்டம்பரில் அறிவித்தது. கைபேசி பத்திரமாகச் சட்டைப் பையில் இருக்கட்டும். அவசரத்துக்கு வீட்டுக்குப் பேச அதுதான் வேண்டும்.

கைக்கடக்கமான ஜி.பி.எஸ். கருவியோ மலையேறுபவர்களுக்காகச் செய்யப்பட்டது. மழைக்கு அஞ்சாது. பொத்தான்கள் உள்ளவற்றைக் கையுறையோடும் அழுத்தலாம். பல மாடல்கள் இரண்டு பென்சில் செல்லில் ஓடும். வரைபடத்தை முன்பே ஏற்றி விட்டால் கைபேசிக் கோபுரம் இல்லாத இடத்திலும் வழி காட்டும்.

அதிர்வு என்னும் எதிரி

ஒற்றை சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 50 சுற்று. பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை மேலும் கீழும் போய் வருகிறது. ஆக நொடிக்கு 50 குலுக்கல், மணிக்கு 1,80,000 குலுக்கல். எட்டு மணி நேரம் ஓட்டினால் 14 லட்சத்துக்கு மேல். எந்த நட்டும் இதற்குச் சளைக்காமல் இருக்க முடியாது.

இரயில்வேயில் பணியாற்றிய எங்களுக்கு இது பழகிய சங்கதி. தண்டவாளத்தின் இரு துண்டுகளை இணைக்கும் ஃபிஷ் பிளேட் போல்ட்டுகள் வண்டி ஓட ஓடத் தளரும். அதற்காகவே கீமேன் தினமும் தன் பகுதி முழுவதும் நடந்து, தளர்ந்ததை முடுக்குகிறார். பின்னாளில் தண்டவாளத்துக்கும் ஸ்லீப்பருக்கும் நடுவே ரப்பர் பட்டையும், வில் போல் அழுத்தும் கிளிப்பும் வந்தன. முடுக்குவது, ரப்பர் வைப்பது, தினமும் பார்ப்பது என்ற இந்த மூன்று பாடங்களும் மோட்டார் சைக்கிளுக்கு அப்படியே பொருந்தும்.

பொருத்தும் முறை

1. இடம் தேர்வு: ஹேண்டில்பாரின் நடுப்பகுதி அல்லது அதற்குச் சற்று இடப்புறம் நல்லது. வலக்கை ஆக்ஸிலரேட்டரை விட முடியாது. ஸ்பீடோமீட்டரையும் எச்சரிக்கை விளக்குகளையும் கருவி மறைக்கக் கூடாது. வேகம் மணிக்கு 60 கி.மீ. என்றால் நொடிக்குப் பதினாறு மீட்டருக்கு மேல் போகிறோம். இரண்டு நொடி குனிந்து பார்த்தால் 33 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு போனதற்குச் சமம். எனவே கண்ணைச் சிறிது தாழ்த்தினாலே தெரியும் இடத்தில் இருக்க வேண்டும்.

2. கிளாம்ப்: நம் நாட்டு மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் ஹேண்டில்பார் 22 மி.மீ. பருமன் இருக்கும். அளந்து பார்த்து வாங்குங்கள். அலுமினியக் கிளாம்ப் நல்லது. வெறும் பிளாஸ்டிக் கிளாம்ப் வெயிலில் காய்ந்து விரிசல் விடும். கிளாம்புக்கும் குழாய்க்கும் நடுவே பழைய சைக்கிள் ட்யூப் துண்டு ஒன்றைச் சுற்றுங்கள். பிடிமானம் கூடும், குழாயின் முலாமும் கீறாது.

3. கை: கிளாம்பிலிருந்து கருவியைத் தாங்கும் கை நீளமாக இருந்தால் குலுக்கலும் பெரிதாகும். எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. ரப்பர் பூசிய உருண்டையைக் கவ்விப் பிடிக்கும் வகை சிறந்தது. கோணத்தை மாற்றலாம், ரப்பர் அதிர்வையும் சிறிது வாங்கிக்கொள்ளும்.

4. நட்டு, போல்ட்: உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டையே போடுங்கள். கழற்றக்கூடிய நீல நிறப் பூட்டுத் திரவத்தை உலோகத் திருகில் ஒரு சொட்டு விடலாம். பிளாஸ்டிக்கில் படக் கூடாது, சில வகைப் பிளாஸ்டிக் அதனால் வெடிக்கும். முடுக்கிய பின் நட்டின் மேலும் போல்ட்டின் மேலும் சேர்ந்தாற்போல் நகப்பூச்சால் ஒரு கோடு இழுங்கள். கோடு விலகியிருந்தால் நட்டு தளர்ந்து விட்டது என்று பார்த்தவுடனே தெரியும்.

5. கருவியின் நிலை: ஆன்டெனா வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கருவியை நிமிர்த்தி வைக்க வேண்டும். ஆன்டெனா உள்ளே தட்டையாக உள்ள கருவியை, திரை வானத்தைப் பார்க்கும்படி கிடத்தலாகச் சாய்த்து வைக்க வேண்டும். பக்கத்தில் காந்தம் வைத்த டேங்க் பை இருந்தால் கருவிக்குள் இருக்கும் திசைகாட்டி குழம்பும். ஆனால் வண்டி ஓடும்போது செயற்கைக்கோள் கணக்கிலேயே திசை சரியாக வரும்.

6. செல்: வழியில் கருவி திடீரென்று அணைவதற்குப் பெரும்பாலும் செல்லே காரணம். குலுக்கலில் செல் ஸ்பிரிங்கை விட்டு ஒரு கணம் விலகினாலும் மின்சாரம் அறுந்து போகும். செல்லுக்கும் மூடிக்கும் இடையே மெல்லிய ஸ்பாஞ்சுத் துண்டு வைத்தால் செல் ஆடாது. மூடி சிரமமில்லாமல் மூட வேண்டும், திணிக்கக் கூடாது. குளிரில் சாதாரண அல்கலைன் செல் சீக்கிரம் சோர்ந்து விடும். மலைக்கு லித்தியம் பென்சில் செல் ஒரு ஜோடி கையில் இருக்கட்டும்.

7. வண்டியின் மின்சாரம்: 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் சிறு கன்வெர்ட்டர் கடைகளில் கிடைக்கிறது. இரண்டு விதிகளை மீறாதீர்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே 2 ஆம்பியர் ஃபியூஸ் வேண்டும். அது கருவிக்காக அல்ல. வயர் உரசிப் பிரேமில் பட்டால் தீப்பிடிக்காமல் இருக்க. அடுத்து, சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் இணைப்பில் சேருங்கள். இல்லாவிட்டால் இரவு முழுவதும் கன்வெர்ட்டர் சிறுகச் சிறுக மின்சாரம் இழுத்துக்கொண்டிருக்கும். கருவிக்குப் போகும் வயரை நேரே செருகாமல் கீழே ஒரு வளைவு விட்டுச் செருகுங்கள். மழைநீர் வளைவில் சொட்டி விடும். வயர் செருகியிருக்கும்போது ரப்பர் மூடி திறந்தே இருப்பதால், கொட்டும் மழையில் வயரைக் கழற்றி மூடியை மூடி, செல்லில் ஓட்டுவதே நல்லது.

8. காப்புக் கயிறு: கருவியின் கயிற்றுத் துளையில் நைலான் கயிறு கோர்த்து, கிளாம்பில் அல்ல, ஹேண்டில்பாரிலேயே கட்டுங்கள். கிளாம்பே உடைந்தாலும் கருவி சாலையில் விழாது. கயிறு குட்டையாக இருக்கட்டும். நீளமானால் க்ளட்ச் கம்பியில் மாட்டிக்கொள்ளும்.

சோதனை

வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி ஹேண்டில்பாரை இடக்கோடி, வலக்கோடி வரை திருப்புங்கள். கருவி டேங்கில் இடிக்கிறதா, வயர் இழுபடுகிறதா, பிரேக்கும் க்ளட்சும் தடையின்றி இயங்குகின்றனவா என்று பாருங்கள். திருப்பும்போது ஒரு வயர் இறுகினால் மலை வளைவில் வண்டி திரும்பாது. விளைவை நான் சொல்ல வேண்டியதில்லை. பிறகு 20 கி.மீ. ஓட்டி, நகப்பூச்சுக் கோடுகளைப் பார்த்து, தளர்ந்ததை முடுக்குங்கள். பயணத்தில் தினமும் காலையில் கீமேன் வேலை பார்ப்பது கட்டாயம்.

சட்டம்

2020 அக்டோபர் முதல் மத்திய மோட்டார் வாகன விதிகள், ஓட்டும்போது கைபேசி போன்ற சாதனங்களை வழி பார்க்க மட்டும், அதுவும் கவனம் சிதறாத வகையில், பயன்படுத்த அனுமதிக்கின்றன. பொத்தானை அழுத்த வேண்டுமானால் ஓரமாக நிறுத்தி அழுத்துவதே முறை.

இன்னொரு எச்சரிக்கை. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகளும் அதே ஜி.பி.எஸ். உருவத்தில் விற்கின்றன. வாங்கும் கருவி வேறு, அனுப்பும் கருவி வேறு. அனுப்பும் கருவியை அனுமதியில்லாமல் நம் நாட்டில் வைத்திருப்பதே குற்றம். 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் வெளிநாட்டுப் பயணி ஒருவர் இதற்காகத் தடுக்கப்பட்டார். வெளிநாட்டிலிருந்து மாமாவோ அத்தையோ அன்பாக வாங்கி வரும் பரிசு என்றாலும் பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். எல்லைப் பகுதியில் இது விளையாட்டல்ல.

கிளம்புவதற்கு முன் பெட்ரோல் பங்கு, ஆஸ்பத்திரி, தங்குமிடம் மூன்றையும் கருவியில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதே பட்டியலை ஒரு காகிதத்திலும் எழுதி, ஒரு பிரதி பையிலும் ஒரு பிரதி வீட்டிலும் இருக்கட்டும். கருவி வழியைக் காட்டும். எங்கே நிற்க வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்பதை ஓட்டுபவர்தான் தீர்மானிக்க வேண்டும். பெற்றோர்கள் இந்தப் பக்கத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்து, அவர்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு நட்டாக முடுக்கிப் பாருங்கள். வேலையும் முடியும், பிள்ளைகளோடு அரை நாள் பேசிய மாதிரியும் இருக்கும்.