மூன்று மாதம், மூன்று கல்

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பட்டறை போட்ட சூட்டோடு பிறந்த மாதக் கல் மோதிரத்துக்கு ஆர்டர் வருகிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். மார்ச்சுக்கு அக்வாமரின், ஏப்ரலுக்கு வைரம், மேக்கு மரகதம் என்று மூன்றையும் சேர்த்து ‘வசந்தகால வரிசை’ ஒன்று செய்யப் போகிறாய். ஒவ்வொரு நகையோடும் கல்லின் அர்த்தம் எழுதிய அட்டை வைக்க வேண்டும், என்ன எழுதுவது என்று கேட்கிறாய். அட்டைக்கு நாலு வரி போதும், அது எப்படியும் வந்துவிடும். அர்த்தத்தைக் கேட்டுத்தான் வாங்க வருவார்கள். பிறகு ஒருநாள் திரும்பி வரும்போது கல்லைத்தான் கையில் எடுத்து வருவார்கள், மங்கிப்போய், அல்லது ஓரம் சிதறி. ஆகவே கல்லின் குணத்தைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

முதலில் இந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள். ஏதோ ரிஷிகள் எழுதிவைத்தது போலச் சில கடைகளில் அச்சடித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். இன்று உலகம் பின்பற்றுகிற பட்டியல் 1912இல் அமெரிக்காவின் கான்சாஸில் நகை வியாபாரிகள் சங்கம் கூடி முடிவு செய்தது. பழைய வேர் இல்லாமல் இல்லை. பைபிளின் யாத்திராகமத்தில் ஆரோனின் மார்ப்பதக்கத்தில் 12 கற்கள் பதித்ததாக வருகிறது. முதல் நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் ஜோசஃபஸ் அந்தப் பன்னிரண்டையும் மாதங்களோடு சேர்த்துப் பேசினார். ஆனால் எந்த மாதத்துக்கு எந்தக் கல் என்பது ஊருக்கு ஊர் மாறிக்கொண்டே இருந்தது. விற்பனைக்கு வசதியாக ஒரே பட்டியல் வேண்டுமென்று வியாபாரிகள் அதை ஒழுங்கு செய்தார்கள். அதையும் அவர்கள் அப்படியே விட்டுவிடவில்லை. 1912இல் மார்ச் மாதத்துக்கு முதலில் நின்றது பிளட்ஸ்டோன், அதாவது கரும்பச்சையில் சிவப்புப் பொட்டு விழுந்த கல், நம் குஜராத்தில் கிடைப்பது. சிலுவையடியில் சிந்திய ரத்தத் துளிகள் என்று கிறிஸ்தவ நாடுகளில் அதற்குக் கதை உண்டு. 1952இல் பட்டியலைத் திருத்தியபோது அக்வாமரின் முன்னால் வந்துவிட்டது. 2002இல் டிசம்பருக்கு டான்சனைட்டைச் சேர்த்தார்கள். அந்தக் கல்லைக் கண்டுபிடித்ததே 1967இல்தான்!

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அழகான ஒரு வழக்கம். மகளுக்கும் மனைவிக்கும் பரிசு கொடுக்க ஒரு சாக்கு. வழக்கமென்று சொல்லி விற்றுக்கொள். சாஸ்திரமென்று சொல்லி மட்டும் விற்காதே.

நம் ஊரில் இதோடு ஒரு குழப்பமும் சேர்ந்துகொள்ளும். “மே மாசம் பிறந்தவன், எனக்கு மரகதம் ராசிதானே?” என்று கேட்டுக்கொண்டு ஒருவர் வருவார். பிறந்த மாதக் கல் காலண்டரைப் பார்த்துச் சொல்வது. நம் ஜோசியர்கள் சந்திரன் நின்ற ராசியையும் லக்கினத்தையும் திசையையும் பார்த்துச் சொல்கிறார்கள். அவர்கள் கணக்கில் மரகதம் புதனுக்கு, வைரம் சுக்கிரனுக்கு. அக்வாமரினுக்கு நவரத்தினத்தில் இடமே கிடையாது. இரண்டு கணக்கையும் கலந்து நீயே பலன் சொல்லிவிடாதே. ராசிக்கல் வேண்டுமென்றால் அவருடைய ஜோசியரிடம் கேட்டு வரச் சொல். அப்படி வருகிறவருக்கு அடிப்பக்கம் திறந்து, கல் விரலில் படும்படி செய்துகொடுக்க வேண்டியிருக்கும். அது வேறு கட்டு, வேறு கூலி.

இன்னொன்று, ‘வசந்தம்’ என்கிற பெயர். மார்ச் முதல் மே வரை வசந்தம் என்பது பனி உருகுகிற நாட்டுக் கணக்கு. நம்முடைய இளவேனில் சித்திரையும் வைகாசியும். கத்திரி வெயில் அதற்குள்தான் வருகிறது. அட்சய திருதியைக் கூட்டத்தில் வியர்த்து விறுவிறுத்துக் கடைக்குள் நுழைகிறவரிடம் பூ மலரும் பருவத்தைப் பற்றி எழுதிய அட்டையை நீட்டினால் சிரித்துவிடுவார். வரிசைக்கு வேறு பெயர் யோசி.

இனி கல்லுக்கு வருகிறேன்.

அக்வாமரின் நமக்கு அந்நியக் கல் இல்லை. திருப்பூர் மாவட்டத்தில் காங்கேயம் பக்கம் படியூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அக்வாமரினும் மரகதமும் பெரில் என்ற ஒரே கனிமத்தின் இரண்டு நிறங்கள். அந்தப் பெரில் படியூரில் மண்ணுக்கடியில் கிடைத்தது. நொய்யல் கரையில் கொடுமணலில் அகழ்ந்தபோது பெரில், பளிங்கு, கார்னீலியன் எல்லாம் பட்டை தீட்டி மணியாக்கிய தடயங்கள் வெளிவந்தன. கொங்குப் பகுதியில் புதையலாகக் கிடைக்கிற ரோமானியக் காசுகளில் ஒரு பங்கு இந்தக் கல்லுக்குக் கொடுத்த விலையாக இருக்க வேண்டுமென்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். முதல் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த பிளினி தன் நூலில், பெரில் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருகிறது, வேறெங்கும் அரிது, தெளிந்த கடலின் பச்சையை ஒத்ததே உயர்ந்தது என்கிறார். மரகதமும் இதுவும் ஒரே இயல்பு கொண்டவை என்று பலர் நினைப்பதாகவும் சொல்கிறார். வேதியியல் தெரியாத காலத்தில் கண்ணால் பார்த்தே அதைப் பிடித்திருக்கிறார்கள்! மார்ச் மாதத்து அட்டையில் எழுத இதைவிட நல்ல செய்தி உனக்குக் கிடைக்காது. கடலோடிகளைக் காக்கும் கல் என்ற ஐரோப்பிய நம்பிக்கையை எல்லோரும் எழுதுகிறார்கள். கொடுமணலை நீ எழுது. ஒரே ஒரு எச்சரிக்கை: நீ பதிக்கிற கல் பிரேசிலிலிருந்தோ ஆப்பிரிக்காவிலிருந்தோ வந்ததாக இருந்தால் அதைக் காங்கேயத்துக் கல் என்று சொல்லிவிடாதே.

வேலைக்கு அக்வாமரின் நல்ல பிள்ளை. கடினம் 7.5 முதல் 8 வரை. உள்ளே பெரும்பாலும் சுத்தமாக இருக்கும், அதனால் லென்ஸில் கோடோ புள்ளியோ தெரிகிற கல்லுக்கு விலை கொடுக்காதே. நிறம் இரும்பினால் வருவது, அதுவும் மெல்லிய நிறம். சின்னக் கல்லில் அது வெறும் தண்ணீராகத் தெரியும். பத்து சென்ட் கற்களை வரிசையாகப் பதித்து நீலம் வரவில்லையே என்று அங்கலாய்ப்பதைவிட ஒரே பெரிய கல்லை வைப்பது மேல். சந்தையில் இருக்கிற நீலக் கற்களில் பெரும்பாலானவை சுமார் 400 டிகிரியில் சூடேற்றிப் பச்சைச் சாயலை எடுத்தவை. அந்த நிறம் நிலைக்கும், குற்றமில்லை, கேட்டால் சொல்லிவிடு. நீலப் புஷ்பராகத்தை இந்தப் பெயரில் தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே அளவுக் கல்லில் புஷ்பராகம் கனமாக இருக்கும், அதன் அடர்த்தி 3.5, பெரிலுக்கு 2.7தான். புஷ்பராகம் ஒரு திசையில் சுத்தமாகப் பிளக்கவும் செய்யும். பேர் மாறினால் பதிக்கிற முறையும் மாறும் என்பதற்காகச் சொல்கிறேன்.

வைரத்தைப் பற்றி உனக்கு நான் சொல்லித்தர அதிகம் இல்லை. நம் வீடுகளில் வைரத் தோடு வாங்குமுன் கல்லை வீட்டில் சில நாள் வைத்துப் பார்க்கிற வழக்கம் இன்னும் போகவில்லை, அதைக் கேலி செய்யாதே. ‘ப்ளூ ஜாகர்’ என்று பாட்டிமார் சொல்வது தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்துக் கல்லை. அந்தச் சுரங்கம் 1971இல் மூடிவிட்டது, இன்று அந்தப் பெயரில் விற்பதை யோசித்து வாங்கு. சிலப்பதிகாரத்தில் மதுரையின் ரத்தினக் கடைத்தெருவைச் சொல்கிற இடத்தில் வைரத்துக்கு நான்கு குற்றங்கள் வருகின்றன. காக்கைக் கால் போன்ற கீற்று, கறை, புள்ளி, கோடு. இன்று பத்து மடங்கு லென்ஸில் நீ தேடுவதும் இவற்றைத்தான்.

உறுதி, மாறாத அன்பு என்று ஏப்ரல் அட்டையில் எழுதுவாய், எழுது. அந்த அர்த்தம் இவ்வளவு பரவியதற்கு 1947இல் டி பீர்ஸ் நிறுவனத்துக்காக ஃபிரான்சஸ் ஜெரட்டி எழுதிய விளம்பர வாசகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பட்டறையில் மட்டும் அதை நம்பிவிடாதே. வைரத்தை எளிதில் கீற முடியாது, ஆனால் உடைக்கலாம். நான்கு திசைகளில் பிளவுத் தளம் உள்ள கல் அது. கூர்முனை உள்ள கல்லில் முனையின்மேல் கம்பியை அழுத்தினால் போயிற்று. நெருப்பிலும் கவனம் வேண்டும். கல்லோடு பற்றவைக்க நேர்ந்தால் போரிக் ஆசிட் பூசாமல் ஊதாதே, மேல்தோல் வெந்து பால் பிடித்ததுபோல ஆகிவிடும். லேபில் வளர்த்த வைரமும் வைரம்தான். வெப்பத்தை வைத்துப் பார்க்கிற டெஸ்டர் அதை வைரம் என்றே காட்டும், வைரம்போலத் தெரிகிற மாய்சனைட்டையும் சில நேரம் அப்படியே காட்டிவிடும். ஆகவே சான்றிதழ் இல்லாத கல்லுக்கு டெஸ்டரை நம்பி வாக்குக் கொடுக்காதே. லேபில் வளர்ந்ததா, மண்ணில் விளைந்ததா என்பது பில்லில் இருக்க வேண்டும்.

மரகதம்தான் உன்னைச் சோதிக்கப் போகிறது.

ராமநாதபுரம் பக்கம் உத்தரகோசமங்கை போயிருக்கிறாயா? அங்கே மரகத நடராசர். ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புக்குள் இருப்பார். மார்கழி ஆருத்ரா தரிசனத்தை ஒட்டி மட்டும் காப்பைக் களைந்து அபிஷேகம் செய்து, மறுபடி சந்தனம் சாத்திவிடுவார்கள். மேளச் சத்தத்தின் அதிர்வைக்கூட மரகதம் தாங்காது, அதனால்தான் காப்பு என்று அங்கே சொல்வார்கள். பக்திக்கு அது ஒரு காரணம். உனக்கும் எனக்கும் அதில் தொழில் பாடம் இருக்கிறது. உன் பட்டறையில் இருக்கிற அல்ட்ராசோனிக் தொட்டி என்ன செய்கிறது? அதிர்வைத்தான் கொடுக்கிறது. மரகதத்தை அதற்குள் போடாதே, ஒரு நிமிஷம்கூட.

காரணம் கல்லின் பிறப்பிலேயே இருக்கிறது. பெரிலுக்குப் பச்சை வர குரோமியமோ வனேடியமோ வேண்டும். பெரிலியம் கிடைக்கிற பாறை வேறு, குரோமியம் கிடைக்கிற பாறை வேறு. இரண்டும் நெருக்கித் தள்ளிக் கலந்த இடத்தில்தான் மரகதம் விளையும். அதனால் அது பிறக்கும்போதே விரிசலோடும் உள்ளடக்கங்களோடும் வருகிறது. பிரெஞ்சுக்காரர்கள் அதைத் தோட்டம் என்று செல்லமாகச் சொல்வார்கள். உள்ளே சுத்தமான மரகதம் மலிவாகக் கிடைத்தால் அது கண்ணாடியாகவோ செயற்கைக் கல்லாகவோ இருக்கலாம் என்று முதலில் சந்தேகப்படு. மேற்பரப்புவரை வந்த விரிசல்களில் எண்ணெய் ஏற்றுவது பழைய வழக்கம், செடார் எண்ணெய் அதிகம். இப்போது பிசினும் ஏற்றுகிறார்கள். எண்ணெய் ஏற்றிய கல் நேர்மையான கல்தான், எவ்வளவு ஏற்றியிருக்கிறது என்பதுதான் கேள்வி. கொலம்பியாவின் முசோ கல்லாகட்டும், ஜாம்பியா கல்லாகட்டும், ஜெய்ப்பூரில் பட்டை தீட்டி உன் கைக்கு வருவதற்குள் எண்ணெய் பார்த்திருக்கும் என்றே வைத்துக்கொள். சூடு பட்டாலும் ஸ்டீமர் பட்டாலும் எண்ணெய் காய்ந்து, மறைந்திருந்த கோடுகள் எல்லாம் வெள்ளையாக எழுந்து நிற்கும். வாடிக்கையாளர் நீ கல்லை மாற்றிவிட்டாய் என்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆகவே பற்றவைப்பு, ஆசிட், பாலிஷ் எல்லாம் முடிந்த பிறகு கடைசியில்தான் மரகதம் ஏற வேண்டும். கல்லைப் பிடிக்கும் பிராங் வைப்பதாக இருந்தால் விரிசல் எந்த ஓரத்தில் வெளிவருகிறது என்று லென்ஸில் பார்த்து அந்த இடத்தை விட்டுவிடு. தினமும் போடுகிற மோதிரமானால் சுற்றிலும் தங்க விளிம்பு கட்டு. மூலைகளை வெட்டிய நீள்சதுரப் பட்டையை மரகதத்துக்கென்றே கண்டுபிடித்தது அழகுக்காக மட்டுமல்ல, மூலை உடையாமல் இருக்கவும்தான். சமையல் செய்கிற கையில், பாத்திரம் கழுவுகிற கையில் மரகத மோதிரம் வேண்டாம் என்று நீயே சொல். பதக்கமாகவோ தோடாகவோ செய்துகொள்ளச் சொல். ஆர்டர் கையை விட்டுப் போனாலும் போகட்டும். கழுவ வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, மெல்லிய பிரஷ், அவ்வளவே.

அர்த்தம் கேட்டாயே, மரகதத்துக்கு எனக்குப் பிடித்தது பிளினி சொன்னதுதான். நுண்ணிய வேலையில் கண் களைத்துப்போன கல் வெட்டுகிறவர்கள் மரகதத்தைப் பார்த்துக் கண்ணை ஆற்றிக்கொள்வார்கள் என்று எழுதியிருக்கிறார். நம் தொழில்காரர்களைப் பற்றிய செய்தி. காதல், மறுபிறப்பு, செல்வம் என்று அச்சடித்த அட்டைகளுக்கு நடுவில் இதை வை, படிக்கிறவர் நிற்பார்.

கடைசியாக அட்டையைப் பற்றி. முன்பக்கம் கதை இருக்கட்டும். பின்பக்கம் கல்லின் பெயர், எடை, அதற்கு என்ன சிகிச்சை செய்திருக்கிறது, எப்படிக் கழுவ வேண்டும் என்று தமிழில் எழுது. மரகதமானால் எண்ணெய் என்ற வார்த்தை அதில் கட்டாயம் இருக்கட்டும், பில்லிலும் இருக்கட்டும். கீழே உன் கையெழுத்தைப் போட்டுக்கொடு.

அன்புடன்,
அண்ணன்