திருப்பாச்சேத்தி முத்திரையும் சீனத்து வாளும்

கோவில்பட்டி வட்டாரத்தில் அருவாளைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆளைப் பார்ப்பது அரிது. பருத்திமார் வெட்டுகிறவர், வேலிக்கருவை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர், ஆட்டுக்குக் குழை ஒடிக்கிறவர், பாளையருவாளோடு பனையேறுகிறவர் என்று ஆளுக்கொரு கட்சி. இப்போது கைபேசியில் பார்த்து அலங்கார வாள் வாங்க நினைக்கும் இளவட்டங்களும் சேர்ந்துகொண்டார்கள். சீனத்து லோங்சுவான் நகரத்துக் கொல்லர் கையால் அடித்தது என்று விளம்பரம் சொல்லும். யார் அந்தக் கொல்லர், அவர் அடித்தது எப்படி இருக்கும் என்று கேட்டால் விற்கிறவருக்கே தெரியாது. நம் பட்டறை அருவாளுக்கும் இதே கேள்வி பொருந்தும் என்பதால் இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

நம்பிக்கை: பேர் இருந்தால் தரம் இருக்கும்.

சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அருவாளுக்குப் பேர்போன ஊர்தான். 2005-இல் வந்த 'திருப்பாச்சி' படம் அந்தப் பேரைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோனது. ஆனால் இரும்பில் எழுத்து வெட்ட ஓர் உளி போதும். கோவில்பட்டி என்று அச்சடித்த கடலைமிட்டாய்ப் பொட்டலமெல்லாம் கோவில்பட்டியில் காய்ச்சியதா என்ன? மிட்டாய்க்காவது 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

வாளில் இருக்கும் பேர் கொல்லனுடையது என்றும் நம்பிவிட முடியாது. 1965-இல் சீனாவின் ஹூபே மாகாணத்தில் ஒரு கல்லறையிலிருந்து வெண்கல வாள் ஒன்றை எடுத்தார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் மண்ணுக்குள் கிடந்தும் கூர் போகாத வாள். அதில் உள்ள எட்டு எழுத்துகள் யுவே நாட்டு அரசன் கோஜியானின் வாள் என்று சொல்கின்றன. அடித்தவன் பேர் அதில் இல்லை. பழங்கதைகள் அந்தக் காலத்து வாள்களை ஓ யேசி என்ற கொல்லனின் கணக்கில் எழுதும்; லோங்சுவான்காரர்கள் இன்றும் அவனையே தங்கள் மூதாதை என்பார்கள். கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வாளின் தரம் தெரிந்தது உலோகத்தைச் சோதித்த பிறகுதான்.

நம்பிக்கை: அந்த ஊர்த் தண்ணீரில்தான் சூட்சுமம்.

இதை முழுப்பொய் என்று தள்ளிவிட முடியாது. அதனால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முதலில் இரும்பு. இன்று நம் பக்கத்துப் பட்டறைகளில் வெட்டருவாள் ஆவது பெரும்பாலும் லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டை. எந்த மண்ணிலும் விளைந்ததல்ல, ஆலையில் வார்த்த எஃகு. அதில் கரி சுமார் அரை சதவீதத்துக்குச் சற்று மேல் இருக்கும். அதே பட்டையை வைத்துக்கொண்டு ஒரு கொல்லர் பத்து வருஷம் உழைக்கும் அருவாளும், இன்னொருவர் பத்து நாளில் வாய் மடங்கும் அருவாளும் அடிக்கலாம். வித்தியாசம் தோய்ச்சலில் இருக்கிறது.

பழுக்கக் காய்ந்த எஃகைச் சட்டென்று குளிரவைத்தால் அதன் உள்ளமைப்பு மாறிக் கடினமாகிறது. எவ்வளவு சூடு என்பதுதான் வித்தை. சுமார் 770 டிகிரி செல்சியஸில் இரும்பு காந்தத்துக்குக் கட்டுப்படாமல் போகும். அதற்குச் சற்று மேலே, 800-லிருந்து 850-க்குள், தோய்ச்சலுக்கான பதம். பட்டறையில் வெப்பமானி கிடையாது, நிறம்தான் கணக்கு. நடுப்பகல் வெயிலில் நிறம் ஏமாற்றும். அதனால்தான் விவரமுள்ள ஆசாரி உலையைக் கூரை நிழலில் வைத்திருக்கிறார்.

இனி தண்ணீர். காய்ந்த இரும்பு நீரில் இறங்கியதும் அதைச் சுற்றி ஆவி ஒரு படலமாகப் போர்த்திக்கொண்டு குளிர்ச்சியைத் தடுக்கும். உப்பு அந்தப் படலத்தைச் சீக்கிரம் உடைத்துவிடும். ஆகவே உப்புத் தண்ணீரில் இரும்பு வேகமாகக் குளிரும், கடினமும் கூடும். கரிசக்காட்டுக் கிணறுகளில் பாதி உப்புக்கரிக்கும் என்பதால் நாமும் மார்தட்டலாம். ஆனால் அதே வேகம் எஃகைக் கீறவும் செய்யும். ஸ்பிரிங் பட்டை எண்ணெயில் தோய்ப்பதற்கென்றே செய்யப்பட்ட ரகம். உப்புநீரில் முழுதாக முக்கினால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழலாம். அனுபவப்பட்டவர்கள் வாயை மட்டும் தோய்த்து எடுப்பார்கள். முதுகில் தங்கிய சூடு மெல்ல வாய்க்கு இறங்கும். மஞ்சளும் நீலமுமாக நிறம் ஓடும். சரியான நிறம் வந்ததும் நிறுத்துவார்கள். கடினம் கொஞ்சம் தணிந்து உறுதி வருவது அந்த நேரத்தில்தான். அவசரக்காரர் இதை விட்டுவிட்டால், வேலிக்கருவை முண்டில் முதல் போடு போட்டதுமே வாய் தெறிக்கும்.

நம்பிக்கை: அலை அலையாகக் கோடு இருந்தால் டமாஸ்கஸ் எஃகு, ஆயிரம் மடிப்பு.

ஆயிரம் அடுக்குக்கு ஆயிரம் முறை மடிக்க வேண்டியதில்லை. பத்து முறை மடித்தாலே 1,024 அடுக்கு ஆகிவிடும். பழைய உலைகளில் கசடும் கரியும் ஒரே சீராகக் கலக்காததால் மடித்து அடித்தார்கள். ஆலை எஃகுக்கு அந்தத் தேவை இல்லை. அழகுக்காக மடிக்கலாம், தப்பில்லை. மலிவு வாள்களில் அந்தக் கோடுகூட மேலே அமிலத்தால் வரைந்ததாக இருக்கும். உப்புத்தாளால் தேய்த்தால் போய்விடும். உண்மையான அடுக்காக இருந்தால், தேய்த்த பிறகும் அமிலம் தொட்டதும் மறுபடி தெரியும்.

பழைய டமாஸ்கஸ் வாளின் கோடுகள் மடிப்பால் வந்தவை அல்ல. மூசையில் உருக்கி எடுத்த, ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை கரியுள்ள தென்னிந்திய எஃகு அது. கொடுமணலிலும் மேல்சிறுவலூரிலும் அந்தத் தொழிலின் தடயம் கிடைத்திருக்கிறது. 1790-களில் மாதிரிகள் லண்டன் போயின. பிறகு மைக்கேல் ஃபாரடேயே அதை ஆராய்ந்தார். சூடு சற்றுக் கூடினாலும் சம்மட்டிக்கு உதிர்ந்துபோகும் அந்த எஃகை அடிக்க ஐரோப்பியக் கொல்லர்கள் திணறினார்கள். நமக்குப் பெருமைதான். ஆனால் நம் மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்த மாதிரிகளுக்கு 2025-இல் வெளியான அரசு அறிக்கை கி.மு. 3345 வரை காலம் சொன்னதும், மூசை எஃகும் அவ்வளவு பழசு என்று சிலர் மேடையில் முழங்குகிறார்கள். அது இரும்பின் பழமை பற்றிய அறிக்கை. மூசை எஃகின் வரலாறு வேறு.

நம்பிக்கை: வட்டமாக வளைந்தால் உயர்ந்த வாள்.

தகட்டின் கனம் பாதியானால் வளைப்பது எட்டு மடங்கு சுலபம். ரம்பத் தகடும் வளையும். சுருள்வாள் சுருள்வதும் மெல்லிசாக இருப்பதால்தான். விட்டதும் நேராகத் திரும்புகிறதா என்பதைப் பாருங்கள். அதேபோல் தட்டினால் கணீரென்று கேட்பது கீறல் இல்லை என்பதற்கு அறிகுறி. கூர் நிற்கும் என்பதற்கு அல்ல.

நம்பிக்கை: பரணில் கிடக்கும் வாள் பாளையக்காரர் காலத்தது, இங்கேயே அடித்தது.

இருக்கலாம். ஆனால் சந்தேகப்படக் காரணம் உண்டு. 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். ஊமைத்துரையின் போரும் அடங்கிய பின், 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதையே தடைசெய்தார். பாஞ்சாலங்குறிச்சிப் படையின் முதன்மை ஆயுதம் நீண்ட ஈட்டி என்பது எதிர்த்துப் போரிட்ட வெள்ளை அதிகாரிகளே எழுதிவைத்த செய்தி. தஞ்சை அரண்மனை ஆயுதசாலையையும் 1860-களில் கலைத்தார்கள். பெரும்பகுதி பழைய இரும்பாகப் போனது, தேர்ந்தெடுத்தவை சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன. அதில் எத்தனையோ வாள்களுக்குப் பிடி நம்முடையது, அலகு ஐரோப்பாவில் அடித்தது. கப்பலில் வந்த அலகை அன்றே நம் ராஜாக்கள் விரும்பி வாங்கியிருக்கிறார்கள். வீட்டு வாளின் வயதை அறியவேண்டுமானால் பிடியையும் அலகையும் தனித்தனியே பார்க்கவேண்டும். துரு ஏறியிருக்கிறதே என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்; பார்க்க வேண்டிய சாட்சி அதோடு போய்விடும்.

சரி, அருவாள் வாங்கும்போது என்ன செய்வது? ஒரு புது அரத்தை வாயில் லேசாக இழுத்துப் பாருங்கள். இரும்பைக் கடித்துக்கொண்டு போனால் தோய்ச்சல் போதவில்லை. வழுக்கினால் கடினம் இருக்கிறது. பிறகு காய்ந்த கருவைக் கொம்பில் நாலு போடு. வாய் மடங்காமலும் தெறிக்காமலும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அடித்தவரின் பட்டறை பக்கத்தில் இருப்பது நல்லது. வாய் போனால் மறுபடி காய்ச்சித் தருவார்.

வாள் வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. விவசாயத்துக்கும் வீட்டுக்கும் உரிய கருவிகளுக்குச் சட்டம் விலக்குத் தருகிறது. ஆனால் வாளும், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட மற்றவையும் ஆயுதச் சட்டத்தின் கீழ் ஆயுதங்களே. அரசு அறிவித்த பகுதிகளில் அவற்றுக்கு உரிமம் வேண்டும். சுவரில் மாட்டத்தான் வாங்கினேன் என்று சொல்வதற்கு முன், உங்கள் பகுதி அந்த அறிவிப்பில் வருகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.